உசிலமரத்திடம் சொன்னது

அக்கா,

நம் காட்டுப் பூங்காவில் புதுப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். பச்சைப் பெயின்ட், வெள்ளை எழுத்து. 'நடைபயிற்சி செய்வோர் அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் நடக்கவும்.' பெயின்ட் வாடைகூட இன்னும் போகவில்லை. 'நடைப்பயிற்சி'யில் ஒரு 'ப்' விட்டிருந்தார்கள். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் எழுத்துப்பிழை பார்த்த கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. பலகை என்ன சொல்கிறது என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. இனிமேல் எல்லோரும் ஒரே பக்கமாக நடக்க வேண்டும். யாருக்கும் யாரும் எதிரே வர முடியாது.

நீங்கள் போனபிறகு இன்றுதான் அங்கே முதல் தடவையாகப் போகிறேன். பலகைக்கு முன்னால் நின்று அழுதுவிட்டேன். கேட்டைத் திறந்துவிடும் வாட்சர் அம்மா ஓடிவந்து, "என்னங்க, கண்ணுல தூசியா?" என்று கேட்டாள்.

"ஆமா, பெயின்ட் நெடி" என்றேன்.

பொய் சொல்வது எனக்குப் புதிதா என்ன? உங்களுக்குத் தெரியாததா?

பதினோரு வருஷம் நாம் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தோம். அண்ணனைக் கட்டியவர் நீங்கள், தம்பியைக் கட்டியவள் நான். ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தால் ஊருக்குக் கண் உறுத்தும் என்பார்கள், நம்மைப் பார்த்து அரியலூரில் பாதித் தெருவுக்குக் கண் உறுத்தியது. நான் காலையில் வேலைக்கு ஓடும்போது என் மகள் உங்கள் இடுப்பில் இருப்பாள். அவளுக்கு முதல் சோறு ஊட்டியது நீங்கள். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது நீங்கள். அவள் காய்ச்சலில் புலம்பினால்கூட "பெரிம்மா"தான், "அம்மா" இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். தனித்தனி வீடு என்று போனபிறகும், இரண்டு தெரு தாண்டி உங்கள் வீட்டில்தான் அவள் பாதி நாள் கிடப்பாள்.

அந்த மகளுடைய கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறேன். எத்தனை நாள்தான் சுற்றிச் சுற்றி நடப்பது!

முழு ஆண்டுப் பரீட்சை நேரம். தலைக்கு மேல் வேலை. பிரஸ்காரர் போன் போட்டார். "மேடம், கார்டுல ரெண்டு வரி கூடுது. எழுத்தச் சின்னதாக்குனா படிக்க முடியாது. எந்தப் பேர எடுக்கட்டும்?" தாய்மாமன் பேரில் கை வைத்தால் என் அண்ணன் பந்தலைப் பிரித்துவிடுவார். சம்பந்தி வீட்டார் கொடுத்த பேர்களைத் தொடக் கூடாது. எங்கள் ஹெட்மாஸ்டர் பேர் வேறு இருந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, அக்கா. "பெரியப்பா பெரியம்மா பேர எடுத்துடுங்க. நம்ம வூட்டு மனுஷங்கதானே, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பரீட்சைப் பேப்பர் கட்டை எண்ணப் போய்விட்டேன்.

அசலாரைப் பகைத்துக்கொள்ளப் பயம், நம் ஆட்கள் விஷயத்தில் அந்தப் பயம் கிடையாது. நம் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது.

பத்திரிகை வைக்க முதல் வீடாக உங்கள் வீட்டுக்குத்தான் வந்தோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் முறையாக இருந்தன. நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பேராகப் படித்தீர்கள். மேலிருந்து கீழே ஒரு தடவை, திரும்ப மேலிருந்து கீழே ஒரு தடவை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். செய்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். "பிரஸ்காரன் விட்டுட்டாங்க்கா, நானும் வேல அவசரத்துல ப்ரூஃப் பாக்கல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்புடியா" என்றீர்கள். அவ்வளவுதான். காபி போட்டுக் கொடுத்தீர்கள்.

கல்யாணத்தன்று வந்தீர்கள். என் மகள் நெற்றியில் திருநீறு பூசினீர்கள், அட்சதை போட்டீர்கள். பந்திப் பக்கம் திரும்பாமல், உங்கள் வீட்டு மாமாவையும் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். பெண்ணின் பெரியம்மா கை நனைக்காமல் போய்விட்டாள் என்று மண்டபம் முழுக்க அதே பேச்சு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எம்மவ கல்யாணத்துல எனக்கு இப்புடியொரு அவமானமா! பிரஸ்காரன் செஞ்ச தப்புக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று மணமகள் அறையில் நின்று கத்தினேன். மாலையும் கழுத்துமாக என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். தப்புப் பண்ணியவளுக்குத்தான் கோபம் பெரிதாக வரும் போலிருக்கிறது.

அதோடு பேச்சு அறுந்தது. நாலு வருஷம். கோயிலில் நீங்கள் இருந்தால் நான் வெளியே நிற்பேன். கடைத்தெருவில் நான் வந்தால் நீங்கள் எதிர்ச் சாரிக்குப் போவீர்கள். இந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் சாயங்காலமானால் ரயிலடி டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது நமக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வீட்டில் மட்டும் வீறாப்பாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். திருட்டு மனுஷர்கள்!

சர்க்கரை நோய்க்கு நம் வீம்பெல்லாம் தெரியுமா? உங்களுக்கு முதலில் வந்தது, எனக்கு அப்புறம் வந்தது. ரோட்டில் நடக்காதீர்கள், சுண்ணாம்புக்கல் லாரித் தூசி ஆகாது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். உங்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். செந்துறை பஸ்ஸில் ஏறி, விலக்கில் இறங்கி, அந்தக் காட்டுப் பூங்காவுக்குள் முதல் நாள் நுழைந்தேன். ரோட்டோரத்து இலையெல்லாம் மாவு பூசினாற்போல வெளுத்துக் கிடக்க, உள்ளே பத்தடி போனதும் பச்சை வந்துவிட்டது. வேம்பு, புங்கன், வெள்வேல், ஆத்தி என்று ஒவ்வொரு மரத்திலும் பேர் எழுதிய தகடு. மயில் ஒன்று பாதைக்குக் குறுக்கே போனது. நிம்மதி என்று நினைத்து வலதுபக்கம் திரும்பினால், உங்கள் மகன் பைக்கில் கொண்டுவந்து விட, கேட்டில் நீங்கள் இறங்குகிறீர்கள்.

நீங்கள் என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று இடதுபக்கம் திரும்பி நடந்தீர்கள். பாதை வட்டப் பாதை. நான் வலப்பக்கம் போனால், நீங்கள் இடப்பக்கம் போனால், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எதிரெதிரே வந்துதானே ஆகவேண்டும்? முதலில் உசிலமரத்தடியில், அப்புறம் வற்றிப்போன குட்டையின் பலகைப் பாலத்தில். மூன்று சுற்றுக்கு ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் நீங்கள் மயிலைத் தேடுவதுபோல வானத்தைப் பார்ப்பீர்கள், நான் மரத்தகட்டில் எழுத்துப்பிழை தேடுவேன். மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் ஓடியது.

வாட்சர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டடியில் வைத்து என்னிடமே கேட்டாள். "ஏங்க, தப்பா நெனைக்காதீங்க. ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் முழிக்கக் கூடாதுன்னா ரெண்டு பேரும் ஒரே பக்கமா நடந்தா போதுமே. அவங்க முன்னாடி போவட்டும், நீங்க பின்னாடி போங்க. பாக்கவே வேணாமே!"

"எனக்கு இந்தப் பக்கந்தான் பழக்கம்" என்றேன்.

உங்களிடமும் அதையேதான் கேட்டாளாம். நீங்களும் இதையேதான் சொன்னீர்களாம். இன்றைக்கு அவளே சொல்லிச் சிரித்தாள்.

அம்புக்குறி நீங்கள் நடந்த பக்கத்தைத்தான் காட்டுகிறது. இத்தனை நாளில் நான் அந்தப் பக்கமாக ஒரு தடவைகூட நடந்ததில்லை. இன்று நடந்தேன். என் பக்கத்திலிருந்து வரும்போது ஒரு வளைவு திரும்பியதும்தான் உசிலமரம் தெரியும், நீங்கள் திடீரென்று எதிரே நிற்பீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படியில்லை, அக்கா. பாதை நெடுக நேராகக் கிடக்கிறது. மரங்களுக்கு நடுவே நான் வருவது அரை பர்லாங்குக்கு முன்பே தெரியும். இடையில் வெட்டிப் போகிற குறுக்குப் பாதைகூட ஒன்று இருக்கிறது. வேண்டாமென்றால் அதில் இறங்கியிருக்கலாம். தினம் தினம் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறீர்கள்.

முதலில் வாய் திறந்ததும் நீங்கள்தான். என்னிடம் பேசவில்லை, உசிலமரத்திடம் பேசினீர்கள். பேச்சு வார்த்தை இல்லாத வீடுகளில் பூனையிடமும் சுவரிடமும் ஜாடை பேசுவது நம் ஊர் வழக்கம்தானே. நான் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

"ஏ உசிலமரமே, முள்ளுக் காட்டுல ரப்பர் செருப்பு போட்டு நடக்குறாங்களே, சக்கர இருக்குற காலுல புண்ணு வந்தா ஆறுமா? எடுத்துச் சொல்ல ஆளு இல்ல போலருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மறுநாள் ஷூ போட்டுக்கொண்டு போய், "வாங்கியாச்சுன்னு சொல்லு மரமே" என்றேன்.

அதிலிருந்து இரண்டு வருஷம் அந்த உசிலமரம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா! உங்கள் மகனுக்குப் பெண் பார்த்தது, என் பேத்திக்குப் பல் முளைத்தது, மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது எல்லாம் அதன் காதில்தான் ஓதினோம். எதிரே வரும் ஆட்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். குட்டைக்கரையில், இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்தது, இங்கே கிடைக்கும் கல்லில் கிளிஞ்சல் இருக்கும் என்று ஒரு பலகை உண்டு. அதை நீங்கள் நின்று சத்தமாகப் படித்தீர்கள். "கடலே வத்திப் போச்சாம். சில பேரு வீம்பு மட்டும் வத்த மாட்டேங்குது பாரு" என்றீர்கள் பாலத்தின் கைப்பிடியிடம்.

"வீம்பு ஒரு பக்கம் மட்டுமா இருக்கு?" என்றேன் நானும் கைப்பிடியிடம்.

போன ஆடியில் ஒரு காலை. காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பூங்காவில் வேறு யாரும் இல்லை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, உசிலமரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டேன். உங்களைப் பார்க்கவில்லை, தகட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏ மரமே, பிரஸ்காரர் மேல தப்பு இல்ல. கார்டுல அந்தப் பேர எடுக்கச் சொன்னவ நாந்தான். ஆமா, சொல்லிட்டேன்."

நீங்கள் நாலடி தள்ளி நின்றீர்கள்.

"கார்டு வந்த மறுநாளே பிரஸ்ல போயிக் கேட்டாச்சுன்னு சொல்லு மரமே. பாவம் அந்த மனுஷன், கையப் பெசஞ்சுக்கிட்டு உள்ளதச் சொல்லிட்டாரு. 'நம்ம வூட்டு மனுஷங்கதானே'ன்னு சொன்னாளாம். அது சரிதான். பேரு போனா போயிட்டுப் போவுது. வூட்டு மனுஷிகிட்ட எதுக்கு பொய்யி?"

கல்யாணத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வந்து என் மகளுக்குத் திருநீறு பூசியிருக்கிறீர்கள். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை, என் மகளிடமும் சொல்லவில்லை.

"மரத்துகிட்ட சொன்னது மரத்தோட போச்சு" என்றீர்கள். "எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும். அன்னைக்கே அவ வூட்டுல வந்து எல போட்டு உக்காந்து சாப்புடுறேன்."

அப்போதே திரும்பியிருக்கலாம். நாலடி தூரம்தான். "பேர எடுத்தது நாந்தாங்க்கா." மூன்று வார்த்தை. விறுவிறுவென்று என் பக்கமாக நடந்துவிட்டேன். பாலத்தில் திரும்பவும் எதிரே வந்தீர்கள். நான் குட்டையைப் பார்த்தேன்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் ஆறு தடவை சந்தர்ப்பம் வந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். புரட்டாசி பிறந்துவிட்டது, நம் வீட்டில் கவிச்சி கிடையாது. உங்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு என்றால் உயிர். ஐப்பசி பிறக்கட்டும், சொல்லிவிட்டு அன்றைக்கே கோழி அடித்து இலை போடலாம், சாம்பார் ஊற்றியா சமாதானம் பேசுவது என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். பயத்துக்குப் புரட்டாசியைச் சாக்காக வைத்துக்கொண்டேன், வேறென்ன!

ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள் நல்ல மழை. குடையோடு போய்ச் சுற்றினேன். மரத்தடியில் நீங்கள் இல்லை. பாலத்திலும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் மகன் போன் வந்தது. "சித்தி, அம்மாவுக்கு நெஞ்சு வலி. திருச்சிக்குக் கொண்டுவந்துட்டோம்."

சேறு அப்பிய ஷூவோடு அப்படியே ரயிலேறினேன். ஆஸ்பத்திரியில் மாமாவும் உங்கள் மகனும் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார்கள். கட்டிலருகே போய் நின்றேன். கையில் ஊசி, மூக்கில் குழாய். நாம் இருவர் மட்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்துச் சுவர்தான் தெரிந்தது. நீங்களும் அதையே பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"மரம் கிரம் ஒண்ணும் இல்லடி இங்க. நேராத்தான் பேசணும்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டீர்கள். "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன்.

"சாப்டியா மொதல்ல?"

"இல்லக்கா."

"மூஞ்சி வாடிக் கெடக்கு. காலையில மாத்திரையாச்சும் போட்டியா? அந்தப் பையில இட்லி இருக்கு, வூட்லேருந்து வந்துச்சு. எடுத்துச் சாப்புடு. சாப்டுட்டுச் சொல்லு, நான் எங்க ஓடிப்போறேன்."

உங்கள் வீட்டு இட்லி. நாலு தின்றேன். மிளகாய்ப்பொடி போதுமா என்று கேட்டீர்கள். மெதுவாகத் தின்னு, விக்கப் போகிறது என்றீர்கள். உங்கள் வீட்டுச் சோறு என் தொண்டையில் இறங்கி எத்தனை வருஷம்! வராந்தாக் கடைசியில் இருந்த குழாயில் கை கழுவப் போனேன். முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது உங்கள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள், நர்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. மூன்று நாள் இருந்தீர்கள். கண் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்துப் பார்த்தேன். படத்திடம் சொல்வதும் மரத்திடம் சொல்வதும் ஒன்றுதான். இந்த மடலும் அந்த ரகம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை.

போன வாரம் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது உங்கள் பேச்சு வந்தது. "பெரிம்மா எனக்கு இன்னொரு அம்மாதான். ஆனா எங் கல்யாணத்துல சாப்புடாம போனாங்க பாரு, அத மட்டும் என்னால மறக்க முடியலம்மா. எவனோ பிரஸ்காரன் பண்ணுனதுக்கு என்னைய போயி..." என்று சொல்லிக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இனி யாருக்குத் தெரியப் போகிறது? பிரஸ்காரர்கூடக் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். கரண்டியைக் கீழே வைத்தேன். அவள் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "பேர எடுக்கச் சொன்னது நாந்தான்டி. பெரிம்மாவுக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் ஒனக்கு விபூதி பூச வந்தாங்க. பொய் சொன்னவ நான்" என்றேன்.

அவள் கை தட்டிலேயே நின்றது.

"அவங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் பாக்க வரலியேம்மா. ரோஷத்துல வராம இருந்துட்டேனேம்மா" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் அங்கிருந்தே ஊருக்கு வண்டி ஏறினாள். நான் போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "வேலையா இருக்கா அத்தை" என்கிறார், பாவம்.

அவள் எப்போது பேசுவாளோ தெரியாது. அவள் உங்கள் வளர்ப்பு, லேசில் இறங்கி வரமாட்டாள். அவள் கோபத்தைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன், பஸ்ஸிலும் அடுப்படியிலும் காட்டுப் பாதையிலும். கனம்தான். அது தீருமட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

அவள் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னேன், அக்கா.